உட்கார்ந்திருக்கும்போது ஓடும் நெஞ்சு

பெரியபட்டினம்
6.10.2024

அன்புள்ள மச்சானுக்கு,

சபியா சலாம் சொல்லி எழுதுவது. அல்லாஹ்வின் கிருபையால் நானும் லாமியாவும் சுகம். தோஹாவில் இறங்கி, அங்கிருந்து கடலுக்குள் உங்கள் எண்ணெய்க் கிணற்று மேடைக்கும் போய்ச் சேர்ந்துவிட்டீர்கள் என்று போனில் தெரிந்தது. பயண அலுப்பு தீர்ந்ததா? கால் வீக்கம் வடிந்ததா?

போனில் என்ன பேசினோம்? வந்துட்டேன், சாப்பிட்டியா, சாப்பிட்டேன், வைக்கவா. இங்கே என் தோளை ஒட்டி லாமியா, அங்கே உங்கள் கேபினில் இன்னும் மூன்று பேர். "இந்தக் காலத்துல யாரும்மா காயிதம் எழுதுறா" என்று நம் மகள் சிரிக்கிறாள். கல்யாணமான புதிதில் பிடித்த பழக்கம், விட முடியவில்லை. போனில் பேசுகிறவர் வேறு யாரோ மாதிரி இருக்கிறார். கடிதம் வந்தால்தான் நீங்கள் வந்த மாதிரி இருக்கிறது.

என் சின்னம்மா மகள் சஃபாவின் கல்யாண ஆல்பம் வந்தது. ஒன்றிலும் நீங்கள் இல்லை. மேடைக்குக் கூப்பிட்டபோதெல்லாம் பந்தியைப் பார்க்கிறேன் என்று நழுவிவிட்டீர்கள். கடைசியில் ஒரு படத்தின் ஓரத்தில் கைக்கடிகாரம் கட்டிய முழங்கை மட்டும் தெரிந்தது. உங்களுடையதுதான். அந்தப் படத்தை மட்டும் சஃபாவிடம் கேட்டு வாங்கி வைத்திருக்கிறேன்.

லீவில் நீங்கள் இருந்தவரை அடுப்படி உங்களுடையதாக இருந்தது. உப்புச் சாடி, மிளகு டப்பா, எண்ணெய்த் தூக்கு எல்லாவற்றையும் உங்கள் உயரத்துக்கு மேல் தட்டில் வைத்துவிட்டுப் போயிருக்கிறீர்கள். ஒவ்வொரு தடவையும் முக்காலி போட்டு எடுக்கிறேன். கீழே இறக்கி வைக்கலாம்தான். இன்னும் வைக்கவில்லை.

உங்கள் சமையலறையில் வேலை பார்க்கும் ஏர்வாடி ஹசன் அலி தம்பி வெள்ளிக்கிழமை புறப்படுகிறாராம். அவரிடம் தொதல் அல்வாவும் மாசிக் கருவாட்டுச் சம்பலும் கொடுத்து விடுகிறேன். என்ன சமைத்தீர்கள், யார் என்ன சொன்னார்கள் என்று வழக்கம்போல விரிவாக எழுதுங்கள். படித்தால் எனக்குப் பசிக்க வேண்டும்.

உங்கள் துஆவை நாடும்,
சபியா


கடல் மேடையிலிருந்து
15.11.2024

அன்பு சபியாவுக்கு,

மஹ்மூதின் சலாம். நான் நலம். உன்னையும் பிள்ளையையும் அல்லாஹ் நலமாக வைக்கட்டும்.

தொதல் வந்தது. எல்லோருக்கும் பங்கு வைக்க வேண்டும் என்றுதான் எடுத்து வைத்தேன். பிறகு கேபின் கதவைச் சாத்திக்கொண்டு நானே தின்று தீர்த்தேன். அந்தக் கருப்பட்டி வாசனை இருக்கிறதே, கண்ணை மூடினால் நம் கடைத்தெருவில் நிற்கிறேன். சம்பலை மட்டும் ஹசன் அலிக்குக் கொஞ்சம் கொடுத்தேன். அவன் வெறும் ரொட்டியில் தடவித் தின்றுவிட்டு விரலை முகர்ந்துகொண்டே உட்கார்ந்திருந்தான். ஊர் ஞாபகம் வந்துவிட்டது.

இந்தக் கூத்தைக் கேள். சுற்றிலும் கடல், காலுக்குக் கீழே மீன் நீந்துகிறது. எனக்கு மீன் வருவதோ பெட்டியில், கல்லாக உறைந்து. போன வெள்ளிக்கிழமை அதிலேயே புளி ஊற்றி, வெந்தயம் தாளித்து, நம் வீட்டுப் பக்குவத்தில் ஆணம் வைத்தேன். எகிப்துக்கார இன்ஜினியர் ஒருவர் தட்டை வழித்துவிட்டு, "உன் மனைவி கொடுத்து வைத்தவள்" என்றார். அவள் இதைச் சாப்பிட்டு ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது என்று சொல்ல நினைத்தேன். அவர் தட்டில் இன்னொரு கரண்டி ஊற்றினேன். எனக்குப் பசி வந்தாலே ஊர் நினைப்பும் கூடவே வந்துவிடுகிறது, சபியா. இரண்டும் ஒரே இடத்திலிருந்து வருகின்றன போல.

இங்கே புதுச் சட்டம் ஒன்று வருகிறது. ஹெலிகாப்டரில் ஏறும் ஒவ்வொருவரையும் எடை பார்ப்பார்களாம். ஒரு அளவுக்கு மேல் இருந்தால் அடுத்த வருடத்திலிருந்து கடலுக்கு அனுப்ப மாட்டார்களாம். "காக்காவ ஏத்துனா பைலட்டு இறங்கிர வேண்டியதுதான்" என்று ஹசன் அலி என்னைக் காட்டிச் சொல்லி, மொத்தச் சாப்பாட்டு அறையும் சிரித்தது. நானும் சிரித்தேன்.

ஆல்பத்தைப் பற்றி எழுதியிருந்தாய். பந்தியில் பரிமாற ஆள் பற்றவில்லை, அதனால்தான்.

லாமியாவை நன்றாகப் படிக்கச் சொல். நீயும் நேரத்துக்குச் சாப்பிடு.

என்றும் உன்,
மஹ்மூது


பெரியபட்டினம்
4.1.2025

அன்புள்ள மச்சானுக்கு,

சலாம். இங்கே அனைவரும் சுகம். அங்கே குளிர் எப்படி?

மழை இந்த வருடம் பிந்தி வந்து, தென்னந்தோப்புப் பக்கம் தண்ணீர் கட்டி நிற்கிறது. கடலும் ஒரு வாரமாகக் கொந்தளிப்பு. ஒரு படகும் போகவில்லை. அதனால் மீனும் இல்லை. நேற்றுதான் கொஞ்சம் சூடை மீன் வந்தது. பொரித்தேன். பிள்ளை ஒரு மீனை ஒதுக்கி வைத்துவிட்டு, "வாப்பா இருந்தா தலைய எடுத்துக்குவாக" என்றாள். பிறகு, "எப்ப வருவாகன்னு கேளும்மா" என்றாள். கேட்கக் கூடாது என்று சொல்லிவிட்டேன். வரும்போது வருவீர்கள். நாம் கேட்டால் உங்களுக்குச் சங்கடம்.

எடைச் சட்டம் பற்றி எழுதியதிலிருந்து யோசனையாக இருக்கிறது. இளைக்கத்தான் வேண்டுமென்றால் மெதுவாகச் செய்யுங்கள். சோற்றைக் குறையுங்கள், நடங்கள். பட்டினி கிடக்காதீர்கள். உங்களால் பட்டினி கிடக்க முடியாது என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் எழுதுகிறேன்.

மாசிச் சம்பல் மறுபடி இடித்து வைத்திருக்கிறேன். யாராவது அங்கே வருவதாக இருந்தால் சொல்லுங்கள்.

உங்கள்,
சபியா


கடல் மேடை
20.2.2025

அன்பு சபியா,

சலாம். நலம். உங்கள் நலமே வேண்டும்.

வேலை அதிகம், அதனால் சுருக்கமாக எழுதுகிறேன். மேல்தளத்தில் தினமும் நடக்கிறேன். நன்றாகவே இளைத்திருக்கிறேன். பேண்ட் எல்லாம் தொளதொளவென்று ஆகிவிட்டன. பார்த்தால் உனக்கு அடையாளம் தெரியாது. வரும்போது பார்.

சம்பல், தொதல் எதுவும் இனி அனுப்ப வேண்டாம். யாருக்கும் வீண் சுமை.

இன்னொன்று எழுத வேண்டும் என்று நினைத்தேன். கொஞ்ச நாட்களாக, சும்மா உட்கார்ந்திருந்தாலே நெஞ்சு ஓடுகிறது. படியேறி வந்தவன் மாதிரி திக்திக்கென்று அடிக்கிறது. கட்டிலில் சாய்ந்தால் காதுக்குள் கேட்கிறது. வேறொன்றுமில்லை, உன் நினைப்புதான். இத்தனை வருடம் கழித்து இந்த வயதில் இப்படி அடிக்கும் என்று யார் கண்டார்கள்.

துஆவுடன்,
மஹ்மூது


பெரியபட்டினம்
16.3.2025

அன்புள்ள மச்சானுக்கு,

நோன்பு நாளில் உங்கள் சபியாவின் சலாம். நானும் பிள்ளையும் நலமாக நோன்பு வைத்துக்கொண்டிருக்கிறோம்.

உங்கள் கடிதத்தின் கடைசி நாலு வரியை எத்தனை தடவை படித்தேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள். புதுப்பெண் மாதிரி அதை மடித்துப் புடவைக்குள் வைத்துக்கொண்டு திரிந்தேன். எனக்கும் சில சமயம் அப்படித்தான் அடிக்கிறது. வாசலில் ஆட்டோ நின்றால் அடிக்கிறது. நீங்கள் இல்லை என்று தெரிந்தும் அடிக்கிறது.

ஆனால் ஒன்று, மச்சான். பத்துத் தடவை படித்த பிறகுதான் உறைத்தது. கடிதத்தில் ஒரு சாப்பாடு கூட இல்லை. ஒரு ஆணம் இல்லை, ஒரு ரொட்டி இல்லை, யார் தட்டை வழித்தார்கள் என்பது இல்லை. இத்தனை வருடத்தில் நீங்கள் எனக்கு அப்படி ஒரு கடிதம் எழுதியதே இல்லை. காய்ச்சலில் கிடந்தபோது கூட, கஞ்சியில் உப்புப் போதவில்லை என்று எழுதினீர்கள்.

தொதல் வேண்டாம் என்றதும் எனக்குப் புரியவில்லை. இளைப்பதற்காகத்தான் இருக்கும் என்று சமாதானம் சொல்லிக்கொள்கிறேன்.

இங்கே பள்ளிவாசல் கஞ்சியை வாங்கி வந்து, நடுவில் பாத்திரத்தை வைத்து இருவரும் நோன்பு திறக்கிறோம். நீங்கள் அங்கே எதைக் கொண்டு நோன்பு திறக்கிறீர்கள்? இதற்கு மட்டுமாவது பதில் எழுதுங்கள்.

உங்கள்,
சபியா


பெரியபட்டினம்
24.4.2025

அன்புள்ள மச்சானுக்கு,

சலாம். நாங்கள் சுகம். நீங்கள் சுகமா என்று கேட்பது இந்தத் தடவை வழக்கத்துக்காக அல்ல.

பெருநாளும் கழிந்துவிட்டது. உங்கள் கடிதம் வரவில்லை. பெருநாளன்று வீடியோவில் கூப்பிட்டீர்கள். முகத்தைக் காட்டச் சொன்னதற்கு, நெட் சரியில்லை என்று கேபின் கூரையைக் காட்டினீர்கள். கூரை மட்டும் தெளிவாகத் தெரிந்தது. "வாப்பா கொரலு ஏன் மூச்சு வாங்குற மாதிரி இருக்கு" என்று பிள்ளை கேட்டாள். நடந்துவிட்டு வந்தேன் என்றீர்கள்.

இளைத்துவிட்டேன், பேண்ட் தொளதொளக்கிறது, அடையாளம் தெரியாது என்று எழுதினீர்கள். பிறகு முகத்தையே காட்டவில்லை. ஒரு ஆண் திடீரென்று எதற்காக இளைப்பான் என்று பக்கத்து வீட்டில் ஏதோ பேச்சுவாக்கில் ஒருத்தி சொன்னாள். அவள் சொன்னதை எழுத எனக்குக் கை வரவில்லை. நீங்களே புரிந்துகொள்ளுங்கள்.

அப்படி எதுவும் இருந்தால் அதையும் நீங்களே எழுதிவிடுங்கள். வேறு வாயால் கேட்க வைக்காதீர்கள்.

சபியா


பெரியபட்டினம்
19.5.2025

அன்புள்ள மச்சானுக்கு,

சலாம். இதைப் படிக்கும்போது உட்கார்ந்து படியுங்கள். ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டுப் படியுங்கள்.

ஹசன் அலி தம்பி லீவில் வந்திருக்கிறார். போன வாரம் நம் வீட்டுக்கு வந்தார். டீ கொடுத்தேன். குடிக்காமல் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன தம்பி, காக்கா எப்படி இருக்காக?"

"நல்லா இருக்காக லாத்தா."

"அதைத்தான் அவுகளும் சொல்றாக. நீங்களாச்சும் உள்ளதச் சொல்லுங்க."

டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார். "நான் சொன்னேன்னு சொல்லிராதீக. காக்கா இப்ப மேடையில இல்ல. கரைக்கு எறக்கிட்டாக. தோஹா கேம்புல இருக்காக."

 என்ன ஆச்சு என்றேன்.

"மெடிக்கல்ல நாடி பாத்தாக. சும்மா பெஞ்சில உக்காந்திருந்தவருக்கு நூத்திப் பத்துக்கு மேல ஓடுது. நெஞ்சுப் படம் எடுத்தாக, ரத்தம் எடுத்தாக. ஒண்ணும் புடிபடல. காரணம் தெரியுற வரைக்கும் ஹெலிகாப்டர்ல ஏத்த மாட்டேன்னுட்டாக."

"அவுகளுக்கு என்னவாம்?"

"அவுகளுக்குத் தெரியும் லாத்தா. ஊசி போடுறாக. வயித்துல, வாரம் ஒண்ணு. எடை கொறையுற ஊசி. யாரோ பழக்கக்காரர் மூலமா வாங்குனது. எங்க கிச்சன் ஃப்ரிட்ஜ்ல தயிர் டப்பாவுக்குப் பின்னாடி வச்சிருந்தாக. சீக்கிரம் எளைக்கணும்னு அளவையும் அவுகளாவே கூட்டிக்கிட்டாக. சோறே எறங்கல. தண்ணி கூடக் குடிக்க மாட்டேங்குறாக. வெறும் வயித்துல பாலில்லாத கட்டஞ் சாயா மட்டும்."

"டாக்டர்ட்ட சொல்லலையா?"

"சொன்னா வேலை போயிரும்னு பயப்படுறாக."

அவர் போன பிறகு, உங்கள் பிப்ரவரி கடிதத்தை எடுத்து அந்த நாலு வரியை மறுபடி படித்தேன். என் நினைப்பு என்று எழுதியிருந்தீர்களே, அந்த இடத்தை. எனக்கு அழுகை வரவில்லை. கோபம் வந்தது.

மறுநாள் ராமநாதபுரம் போனேன். டாக்டர் உமாமகேஸ்வரியைத் தெரியுமல்லவா, லாமியா பிறந்தபோது பார்த்தவர். நோயாளி இல்லாமல் சீட்டு எடுத்ததற்கு அங்கிருந்த பெண் முறைத்தாள். டாக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

"அந்த ஊசி கெட்டதில்லம்மா. சரியான ஆளுக்கு, சரியான அளவுல, டாக்டர் பாத்துக் குடுத்தா நல்லதுதான்" என்றார். "நாடித்துடிப்பைக் கொஞ்சம் கூட்டும். நெறையப் பேருக்கு அது தெரியவே தெரியாது. சில பேருக்கு அதிகமா ஏறும். இவரு அளவைத் தன்னிஷ்டத்துக்குக் கூட்டிட்டாரு. சாப்பாடில்ல, தண்ணியில்ல, அந்தச் சூட்டுல அடுப்படி வேலை வேற. நெஞ்சு ஓடத்தானே செய்யும்?"

"உயிருக்கு ஏதும்...?"

"பாக்காம நான் சொல்ல முடியாது. ஆனா ஊசி போடுறத அந்த டாக்டர்ட்ட சொல்லியே ஆகணும். இல்லன்னா இல்லாத நோயத் தேடுவாக. தேவையில்லாத மருந்து குடுப்பாக. ஒருவேளை வேற காரணம் எதுவும் இருந்தா, அதுவும் இதுக்குள்ள மறைஞ்சு போயிரும்."

டாக்டர் சொன்னதையும் தம்பி சொன்னதையும் அப்படியே எழுதிவிட்டேன்; தம்பியைக் கோபிக்காதீர்கள். போனில் சொல்லியிருப்பேன். நீங்கள் ஒன்றுமில்லை என்று சொல்லி வைத்துவிடுவீர்கள். கடிதத்தை அப்படி வைக்க முடியாது. கேம்புக்குத் திரும்பும் ஆள் கையில் கொடுத்து விடுகிறேன்.

டாக்டரிடம் போங்கள். இன்றே போங்கள். வேலை போனால் போகட்டும்.

சபியா


தோஹா
14.6.2025

அன்பு சபியா,

சலாம். நான் நலம் என்று எழுதினால் இனி நம்ப மாட்டாய். அதனால் உள்ளதை எழுதுகிறேன். நெஞ்சு இப்போது அடங்கி வருகிறது.

உன் கடிதம் வந்த மறுநாள் கம்பெனி டாக்டரிடம் போனேன். ஒரு வயதான சூடான்காரர். மீதியிருந்த ஊசிகளை மேசையில் வைத்தேன். திட்டுவார் என்று நினைத்தேன். அவற்றை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்துவிட்டு, "இதை முதல் நாளே சொல்லியிருந்தால் உன் கையில் இத்தனை ஓட்டை போட்டிருக்க மாட்டேனே" என்றார். ஊசியை நிறுத்தச் சொன்னார். நேரத்துக்குத் தண்ணீர், நேரத்துக்குச் சாப்பாடு. உடம்பைவிட்டு மருந்து போகக் கொஞ்ச வாரம் ஆகும், அதுவரை பொறுத்திரு என்றார். வேலையை எடுக்கவில்லை. நாடி சீரானால் மறுபடி கடலுக்கு அனுப்புவார்களாம்.

நீ ஏப்ரலில் எழுதியது கிடைத்தது. அப்படி எவளும் இல்லை. எதற்கு இளைத்தேன் என்று சொல்கிறேன். எடைச் சட்டம் ஒரு சாக்கு.

சஃபா கல்யாணத்தன்று மண்டப வாசலில் பன்னீர் தெளித்துக்கொண்டு நின்றேன். நீ உள்ளே பச்சைப் புடவையில் நின்றுகொண்டிருந்தாய். மாப்பிள்ளை வீட்டுப் பெண் ஒருத்தி உன்னைக் காட்டி, "அங்கன நிக்கிறது ஒங்க மகளா? எந்த ஊருல கட்டிக் குடுத்திருக்கீக?" என்று கேட்டாள். பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். எல்லோரையும் விட நான்தான் சத்தமாகச் சிரித்தேன். அதற்குப் பிறகு உன்னோடு ஒரு படத்தில் நிற்க எனக்கு மனம் வரவில்லை.

முதல் மாதம் ஊசி வேலை செய்தபோது சந்தோஷமாக இருந்தது. எடை இறங்கியது. அப்புறம் பசி போனது. பசி என்றால் என்ன என்பதே மறந்தது, சபியா. அண்டா அண்டாவாகச் சமைத்தேன். உப்புப் பார்க்க ஹசன் அலியைக் கூப்பிட்டேன். மீன் ஆணம் கொதிக்கும்போது குமட்டியது. அதைக்கூடத் தாங்கிக்கொண்டேன். ஒரு நாள் ஆணத்தைக் கிளறிக்கொண்டிருக்கும்போது கவனித்தேன், ஊர் ஞாபகம் வரவில்லை. வாசனை வருகிறது, வீடு வரவில்லை. உன்னை நினைத்துப் பார்த்தேன். முகம் வந்தது, அந்த இழுப்பு வரவில்லை. பயந்துபோனேன். நெஞ்சு மட்டும் தனியாக ஓடிக்கொண்டிருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு, இதுதான் அவள் நினைப்பு, வேறெங்கும் போகவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதைத்தான் உனக்கும் எழுதினேன். பொய் சொல்லவேண்டும் என்று எழுதவில்லை. மருந்து என்று தெரிந்தபோது அந்த வரி என்னவாயிற்று என்று எனக்கே தெரியவில்லை.

நேற்று கேம்பில் ஒருவன் வெங்காயம் வதக்கிக்கொண்டிருந்தான். வாசலைக் கடந்துகொண்டிருந்தவன் நின்றுவிட்டேன். வயிறு லேசாகக் கிள்ளியது. என்னவென்று முதலில் விளங்கவில்லை. பசி. அங்கேயே படியில் உட்கார்ந்துவிட்டேன். அவன் பயந்து, "காக்கா, முடியலையா?" என்றான். "ஒரு தட்டுல போட்டுக் குடுப்பா" என்றேன். தின்றேன். இரண்டாவது வாயில் நீ முக்காலியில் ஏறி உப்புச் சாடியை எடுப்பது கண்ணில் தெரிந்தது.

வேறு எழுத முடியவில்லை.

உன்,
மஹ்மூது


பெரியபட்டினம்
3.7.2025

அன்புள்ள மச்சானுக்கு,

சலாம். நாங்கள் நலம். நாடி எவ்வளவு என்று ஒவ்வொரு தடவையும் எழுதுங்கள். இனி அதுவும் சுகம் விசாரிப்பதில் சேர்த்தி.

கடிதத்தை மூன்று நாள் வைத்திருந்து இப்போதுதான் எழுதுகிறேன். எழுத உட்கார்ந்தால் அந்த மாப்பிள்ளை வீட்டுப் பெண்ணோடு மனதுக்குள் சண்டை போடத் தொடங்கிவிடுகிறேன்.

அன்று நான் உள்ளே என்ன செய்துகொண்டிருந்தேன் தெரியுமா? படம் எடுக்கிறவர் கூப்பிட்ட ஒவ்வொரு தடவையும் உங்களைத் தேடினேன். வாசல் பக்கம் பார்த்தேன். உங்களுக்குப் பின்னால் வெளிச்சம், நடுவில் நீங்கள், வாசல் நிறைந்து நின்றீர்கள். எனக்குப் பெருமையாக இருந்தது. ஒவ்வொரு லீவுக்கும் நான் காத்திருப்பது அதற்குத்தான், மச்சான். வீட்டு வாசல் அப்படி நிறைவதற்கு. அதில் கொஞ்சம் குறைத்துக்கொண்டு வாருங்கள் என்று எப்போதாவது கேட்டேனா? நோய்க்காக இளைப்பது வேறு. கால் வீங்குகிறது, மூச்சு வாங்குகிறது, இளைக்கத்தான் வேண்டும், அதையும் டாக்டர் கண் பார்வையில் செய்யுங்கள். யாரோ சிரித்ததற்காக உங்கள் பசியைக் கொன்றீர்களே, அதைத்தான் தாங்க முடியவில்லை.

அந்த வரியைப் பற்றி எழுதியிருந்தீர்கள். அது மருந்தா நினைப்பா என்று நான் பிரித்துப் பார்க்கப் போவதில்லை. ஊர் மறந்துபோகிறதே என்று பயந்தேன் என்று எழுதியிருக்கிறீர்களே, எனக்கு அது போதும்.

இப்போது ஒன்று கேட்கிறேன். கல்யாணமானதிலிருந்து இதை நான் கேட்டதில்லை. நான் வாயைத் திறக்கும் முன்பே ஒவ்வொரு முறையும், இன்னும் ரெண்டு வருஷம்தான் சபியா என்று நீங்களே சொல்லிவிடுவீர்கள். அந்த ரெண்டு வருடம் முடிந்ததே இல்லை. பிள்ளை கேட்டால் அவள் வாயையும் அடைத்தேன். அன்று ஹசன் அலி தம்பி உங்களைக் கரைக்கு இறக்கிவிட்டார்கள் என்று சொன்ன அந்த நொடியில் எனக்கு முதலில் தோன்றியது பயமல்ல. வந்துவிடுவாரா என்றுதான். அப்புறம்தான் பயம் வந்தது. அப்படித் தோன்றியதற்கு எனக்கே வெட்கமாக இருந்தது.

வந்துவிடுங்கள், மச்சான். லீவில் அல்ல.

உங்கள்,
சபியா


தோஹா
9.8.2025

அன்பு சபியா,

சலாம். நலமாக இருக்கிறேன். நாடி எழுபத்தெட்டு. டாக்டரே இரண்டு தடவை எண்ணிவிட்டுச் சிரித்தார்.

உன் கடிதத்துக்கு உடனே பதில் எழுதவில்லை. என்ன எழுதுவது என்று எனக்கே தெரியாமல் இருந்தது. இங்கே வந்தபோது எனக்கு மீசை சரியாக முளைக்கவில்லை. இந்த வேலையை விட்டால் வேறு எதுவும் தெரியாது. ஊரில் வந்து என்ன செய்வேன், நான்கு மாதத்தில் உனக்கே சலித்துவிடுவேனோ என்றெல்லாம் யோசித்தேன். கடைசியில், வழக்கம்போல ரெண்டு வருடம் என்று எழுதிவிடலாம் என்றுதான் இருந்தேன். தாளும் எடுத்தேன்.

நேற்று முன்தினம் ஹெலிகாப்டர் நிலையத்துக்குக் கூப்பிட்டார்கள். மருத்துவச் சான்று வந்துவிட்டது, கடலுக்குத் திரும்பு என்றார்கள். எடை மேடையில் ஏறினேன். அளவுக்குள் இருந்தது. தட்டிக்கொடுத்தார்கள். மிதவைச் சட்டையை மாட்டிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தேன். எதை இழக்கப் பயந்து ஊசியை மறைத்தேனோ, அந்த இடம் எனக்கு மறுபடி கிடைத்துவிட்டது. ஹெலிகாப்டரின் விசிறி சுற்றத் தொடங்கியது. வரிசையாக எழுந்தார்கள். நான் எழவில்லை.

மலையாளி சூப்பர்வைசர் ஓடி வந்தார். "மஹ்மூதே, எந்தா, சுகமில்லே? பிரஷர் உண்டோ?" என்று கேட்டார்.

"ஒண்ணுமில்ல சார். நல்லா இருக்கேன். வீட்டுக்குப் போறேன்."

"லீவு இப்போ இல்லல்லோ."

"லீவு இல்ல சார்."

 என் மிதவைச் சட்டையின் கொக்கியை அவரே கழற்றிவிட்டார். அவருக்கும் வீட்டில் ஆள் காத்திருக்கிறது போலிருக்கிறது.

கணக்கு முடித்துக் கொடுக்க இரண்டு வாரம் ஆகும் என்கிறார்கள். மதுரையில் இறங்கி பஸ்ஸில் வருகிறேன். கார் எடுத்துக்கொண்டு யாரும் வர வேண்டாம். ராமநாதபுரம் தாண்டியதும் உப்புக் காற்று ஜன்னலில் அடிக்குமே, அதைத் தனியாக உட்கார்ந்து அனுபவிக்க வேண்டும்.

அங்கே என்ன செய்வேன் என்று கேட்காதே. எனக்கு அடுப்பு தெரியும், அவ்வளவுதான். நான் வரும் அன்று நீ சமைக்காதே. நான் சமைக்கிறேன். நீ பக்கத்தில் உட்கார்ந்து பேசு.

உன்,
மஹ்மூது


பெரியபட்டினம்
21.8.2025

அன்புள்ள மச்சானுக்கு,

சலாம். நானும் பிள்ளையும் சுகம்.

இந்தக் கடிதம் தோஹா போய்ச் சேர்வதற்குள் நீங்கள் புறப்பட்டிருப்பீர்கள். தெரிந்துதான் எழுதுகிறேன். உங்கள் கடிதம் வந்தால் பதில் எழுதாமல் இருந்து பழக்கமில்லை.

லாமியா தெரு முழுக்கச் சொல்லி முடித்துவிட்டாள். வருகிறவர் போகிறவரெல்லாம் எப்போது என்று கேட்கிறார்கள். நான் வீட்டைக் கழுவினேன், துவைத்தேன், மறுபடி கழுவினேன். வேலை முடிந்து உட்கார்ந்தபோது ஒரு பயம் பிடித்துக்கொண்டது. அதை யாரிடம் சொல்வது? எப்போதும் உங்களிடம்தானே சொல்வேன்.

நாம் ஒரே வீட்டில் சேர்ந்து இருந்ததை விட, கடிதத்தில் சேர்ந்து இருந்ததுதான் அதிகம். உங்களிடம் நேரில் நான் இவ்வளவு பேசியதில்லை. லீவில் வந்தால் வெட்கத்திலேயே பாதி நாள் போய்விடும், பழகும்போது பெட்டி கட்டுவீர்கள். எழுத்தில் கோபப்பட எனக்குத் தெரியும். எதிரில் உட்கார்ந்து எப்படிக் கோபப்படுவது? எழுத்தில் வந்துவிடுங்கள் என்று கேட்டேன். நீங்கள் வாசலில் வந்து நின்றால் அதே வாயால் என்ன சொல்வேன்? எனக்கு நீங்கள் சலித்துவிடுவீர்களோ என்று நீங்கள் பயந்தீர்கள். எனக்கும் அதே பயம்தான். நீங்கள் முந்திக்கொண்டு எழுதிவிட்டீர்கள்.

தினமும் பார்க்கிற மனிதரை எப்படி நினைத்துக்கொள்வது என்று எனக்குத் தெரியாது, மச்சான். கற்றுக்கொள்கிறேன். கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இதைப் போட ஒரு உறையை எடுத்து வைத்தேன். மேலே முகவரி எழுதப் பேனாவை எடுத்தேன். எந்த முகவரி?  பிறகு உங்கள் பெயரை மட்டும் எழுதினேன்.

வந்ததும் கையில் தருகிறேன். என் முன்னால் பிரிக்க வேண்டாம். கடைத்தெருவுக்கு மீன் வாங்கப் போவீர்கள் அல்லவா, அங்கே வைத்துப் படியுங்கள். படித்துவிட்டு வீட்டுக்கு வாருங்கள்.

உங்கள்,
சபியா